நாய்க்காரரின் காடு



எங்கள் தாத்தாவின் பேச்சில் இரண்டு வகை ஆடுகள் உண்டு. ஒன்று, லயத்துக்குப் பின்னால் கட்டியிருக்கும் பால் ஆடு. மற்றது, தேயிலை மலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில், அந்தி சாயும் வேளையில் நாயைப் போலக் குரைக்கும் கேளையாடு. தோட்டப் பாடசாலையில் படிக்கும்போதுதான் கேளையாடு உண்மையில் ஆடே அல்ல, மான் இனத்தைச் சேர்ந்த சிறு விலங்கு என்று அறிந்தேன். ஓடிவந்து தாத்தாவிடம் சொன்னேன்.

"புத்தகத்துல அது மானா இருக்கட்டும் தம்பி. நம்ம காட்டுல அது ஆடுதான்" என்றார்.

நம்ம காடு! அந்தச் சொல்லைத்தான் இத்தனை வருடங்களுக்குப் பின்னும் நான் நினைத்துப் பார்க்கிறேன். ஏனென்றால் அந்தக் காடு ஒரு நாளும் எங்களுடையதாக இருந்ததில்லை.

பலாங்கொடைக்கு வடக்கே, ஹோர்ட்டன் சமவெளியின் தென்புறச் சரிவின் கீழே இருந்தது எங்கள் தோட்டம். சமவெளியின் விளிம்பில் 'உலக முடிவு' என்று ஓர் இடம் உண்டு. அங்கே நிலம் ஏறத்தாழ 870 மீற்றர் ஆழத்துக்கு விழுகிறது. உல்லாசப் பயணிகள் மேலே நின்று கீழே பார்த்து வியப்பார்கள். அவர்கள் பார்க்கும் அந்தக் 'கீழே'யில்தான் சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டங்களும் லயங்களும் இருக்கின்றன. நாங்கள் அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவர்கள்.

தாத்தா வெள்ளைக்காரத் துரையின் காலத்தில் நாய்க்காரராக இருந்தார். துரையின் வேட்டை நாய்களுக்குத் தீனி போட்டு, குளிப்பாட்டி, காட்டுக்கு அழைத்துச் செல்வது அவர் வேலை. வேட்டைக்கான ஆயத்தத்தை அவர் வாயால் கேட்க வேண்டும். முதல் நாள் இரவு நாய்களுக்கு அரை வயிற்றுக்குத்தான் சாப்பாடு. வயிறு நிறைந்த நாய் ஓடாது. ஒவ்வொரு நாயின் உள்ளங்காலையும் தூக்கிப் பார்த்து முள் எடுத்து எண்ணெய் தடவ வேண்டும். அட்டைக்காகச் சவர்க்காரமும் புகையிலைத் தண்ணீரும் தனியாக ஒரு போத்தலில். துரையின் கூடாரம், சாப்பாட்டுப் பெட்டி, கம்பளி ஆகியவற்றைச் சுமக்க நான்கு ஆள். இவர்களுக்கு ரொட்டியும் தேத்தண்ணியும். விடியுமுன் பிரட்டுக்களத்தில் எல்லாரும் நிற்க வேண்டும். மழை பெய்தாலும் புறப்பாடு நிற்காது.

துரை தேடிப் போவது மரையை. மரை கிடைத்தால் கொம்பு பங்களாச் சுவருக்குப் போகும். கேளையாடு அகப்பட்டால் இறைச்சியில் கொஞ்சம் கூட வந்தவர்களுக்கும் உண்டு. தாத்தா கேளையாட்டை நேசித்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

"உங்க கையில என்ன துவக்கு இருந்திச்சு தாத்தா?" என்று ஒரு முறை கேட்டேன். அவர் சிரித்தார்.

"எனக்கேது துவக்கு? கவ்வாத்துக் கத்தி ஒண்ணு. அதுவும் தொரைக்கு முன்னால செடிகொடிய வெட்டி வழி விடுறதுக்கு."

துரையோடு போன நாட்களில் தாத்தா காட்டின் எந்த மூலைக்கும் போகலாம். துரை இல்லாத நாளில் ஒரு கட்டு விறகுக்காகப் போய் அகப்பட்டால் தண்டனை. மீண்டும் அகப்பட்டால் பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்துத் தோட்டத்தை விட்டே அனுப்பிவிடுவார்கள். வழி வெட்டியவருக்கு அந்த வழியில் நடக்க உரிமை இல்லை. இது எங்கள் தோட்டத்துக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று. இதற்குப் பின்னே ஒரு சட்டத்தின் வரலாறு இருக்கிறது.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமானபோது, சப்ரகமுவவும் அவர்கள் கைக்குச் சென்றது. கிராமத்துச் சிங்கள மக்கள் வயலைத் தமதென்று உழுதார்கள். வயலுக்கு மேலுள்ள காட்டில் சேனை வெட்டி, குரக்கன் விதைத்து, சில வருடம் தரிசாக விட்டு, மறுபடி திரும்புவார்கள். தேனும் கித்துளும் விறகும் இறைச்சியும் அந்தக் காட்டிலிருந்தே வந்தன. இதற்கெல்லாம் உறுதிப் பத்திரம் எதுவும் இல்லை. ஊர் வழக்கமே உறுதி.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அந்த வழக்கத்தின் அடியிலேயே கை வைத்தது. காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் உள்ள காணிகள் யாவும், மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியவை என்றது அது. கண்டிப் பகுதிகளில் சேனைக் காணியைத் தமதென்று கூறுவோர் சன்னசு முதலிய சான்றுகளைக் காட்ட வேண்டியதாயிற்று. காட்டில் வாழ்ந்தவன் கடதாசி காட்ட வேண்டும். காட்டாதவன் அத்துமீறியவன். 1844 வரை அரசு இந்த நிலத்தை ஏக்கர் 5 ஷில்லிங் என்ற விலைக்கு விற்றது. வாங்கியவர்களுள் அரசின் உயர் அதிகாரிகளும் இருந்தனர். அந்த நிலத்தில்தான் கோப்பி எழுந்தது. கோப்பியின் பின்னால் தென்னிந்தியாவிலிருந்து எங்கள் மூதாதையர் கால்நடையாக வந்தார்கள். 1897இல் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் அந்தப் பிடியை இன்னும் இறுக்கிற்று.

நிலம் போனபின் வேட்டை என்னவாயிற்று? 1848ஆம் ஆண்டைக் கவனியுங்கள். அந்த வருடம் ஆளுநர் டொரிங்டன் விதித்த புதிய வரிகளில் துவக்குக்கும் வரி உண்டு, நாய்க்கும் வரி உண்டு. மாத்தளையில் கிளர்ச்சி வெடித்ததற்கு இவ்வரிகள் ஒரு முக்கிய காரணம் என்பதை வரலாறு படித்த நேயர்கள் அறிவர். கிராமத்து மனிதனுக்குத் துவக்கும் நாயும் பயிரைக் காக்கும் கருவிகள். பன்றியும் மரையும் சேனைக்கு வந்தால் அவற்றைக் கொண்டுதான் அவன் தன் சோற்றைக் காத்தான்.

அதே 1848இன் பிற்பகுதியில்தான் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவில் குடியேற வந்தார். கூடவே இங்கிலாந்திலிருந்து வேட்டை நாய்களையும் கொண்டுவந்தார். பின்னாளில் ஆபிரிக்காவில் அல்பேர்ட் ஏரியைக் கண்டறிந்து உலகப் புகழ் பெற்றவர் இவரே. இலங்கையில் தாம் ஆடிய வேட்டையைப் பற்றி 1854இல் ஒரு நூல் வெளியிட்டார். எந்த நாயை எந்த நாயோடு கலந்தால் நல்ல வேட்டை நாய் பிறக்கும், எவ்வளவு கனமான துவக்கு வேண்டும், எத்தகைய கத்தி வேண்டும் என்றெல்லாம் அதில் விரிவாக எழுதியிருக்கிறார். மரையை நாய்கள் வளைத்துக் கொண்டதும் கத்தியோடு நீருக்குள் இறங்குவது அவரது வழக்கம். துணிச்சலை நான் மறுக்கவில்லை. எழுத்திலும் வல்லவர். ஆனால் அந்த நூலைப் படிக்கும்போது எனக்கு ஒரு கேள்வி எழும். அவ்வளவு பெரிய காட்டில் அவரிடம் 'நீ யார், ஏன் இங்கே வந்தாய்' என்று கேட்க ஒருவரும் இல்லையே!

அவருக்கு முன்னரே மேஜர் தோமஸ் றொஜர்ஸ் என்ற படை அதிகாரி 1,400 யானைகளுக்கு மேல் கொன்றார் என்று சொல்லப்படுகிறது. 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து அவர் இறந்தார். நுவரெலியாவில் அவரது கல்லறை இருக்கிறது. கொன்ற யானைகளின் கணக்கை எழுதிவைத்த காலம், காட்டை வெட்டித் தோட்டம் போட்டபோது இறந்த கூலியாட்களின் கணக்கை ஒழுங்காக எழுதிவைக்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வேட்டைக்காரர்களே பின்னர் காவலர்களானார்கள். விலங்குகள் அருகி வருவதைக் கண்டு 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தவர்கள் வேட்டை பழகிய கனவான்களே. இன்று வனசீவராசிகளுக்காகக் குரல் கொடுக்கும் பழம்பெரும் சங்கம் அதன் தொடர்ச்சிதான். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. 1940இல் சிவனொளிபாதமலையைச் சூழ்ந்த காடு சரணாலயமாக்கப்பட்டது. சிங்கராஜ வனத்தில் ஒட்டுப்பலகைக்காக மரம் தறிப்பது மக்கள் எதிர்ப்பினால் 1977இல் நிறுத்தப்பட்டது. 1988இல் அது உலக மரபுரிமையாயிற்று. 2010இல் மத்திய மலைநாட்டுக் காடுகளும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. இவை இல்லாவிட்டால் இரத்தினபுரிக்கு மேலே இன்று நமக்கு எஞ்சியிருப்பது வெறும் மண்சரிவாகவே இருந்திருக்கும். காடு காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆனால் காட்டின் வாசலில் வேட்டைத் துரை நின்றபோதும் நாங்கள் வெளியே. வாசலில் காவல் அதிகாரி நின்றபோதும் நாங்கள் வெளியே. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது நாட்டுக்கும் நாங்கள் வெளியே. மூன்றும் வெவ்வேறு சட்டங்கள். என் தாத்தாவுக்கு அவை மூன்றும் ஒரே வேலியாகத்தான் தெரிந்தன.

1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். எங்கள் குடும்பமும் அந்தக் கணக்கில் பிரிந்தது. அப்பா இங்கே. சித்தப்பா கப்பலேறி நீலகிரிக்குப் போனார். தாயகம் திரும்பியோருக்கென்று தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலை. எண்பதுகளில் அவர் எழுதிய ஒரு கடிதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 'இங்கே ஊட்டிக்கு அப்பால் முக்குறுத்தி மலையில் வரையாடு என்று ஒரு ஆடு இருக்கிறதாம். செங்குத்தான பாறையில் ஓடுமாம். நான் இன்னும் பார்க்கவில்லை. பார்க்கப் போக அனுமதிச் சீட்டு வேண்டுமாம். அப்பாவிடம் சொல், இது நிஜமான ஆடு என்று.'

தாத்தா அப்போது கண் மங்கியிருந்தார். கடிதத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். "அங்கேயும் சீட்டா?" என்று மட்டும் கேட்டார்.

வரையாடு நம் இலக்கியத்துக்குப் புதியதன்று. சங்க நூல்களில் மலைச்சாரலில் திரியும் 'வருடை' இதுவே என்பர். பரிபாடலில் மேட ராசிக்கே வருடை என்று பெயர். மலையாட்டை வானத்தில் ஏற்றிவைத்த மொழி நம்முடையது. ஆங்கிலேய வேட்டைக்காரர் அதை 'ஐபெக்ஸ்' என்று தவறாக அழைத்தனர். அது செம்மறியாட்டுக்கே நெருங்கிய உறவு என்று 2005இல் மரபணு ஆய்வாளர் கண்டனர். முதுகு வெளுத்த கிழக் கிடாயைத் தேடி வெள்ளைக்காரர்கள் நாட்கணக்கில் மலையேறினார்கள். தொலைநோக்கி, கூடாரம், சுமை தூக்க ஆட்கள், வழி காட்டப் பழங்குடிகள் என்று அங்கேயும் அதே ஆயத்தந்தான். 1879இல் நீலகிரிக்கென்று வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டைக்குப் பருவமும் அனுமதிப்பத்திரமும் விதிக்கப்பட்டன. இன்று அது தமிழ்நாட்டின் மாநில விலங்கு. 2024இல் நடந்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் காணப்பட்டன.

மூணாறுக்கு அருகே இரவிகுளத்தில் நடந்ததை நான் அடிக்கடி எண்ணுவேன். அந்தப் புல்மலை ஒரு காலத்தில் தேயிலைத் துரைமாரின் வேட்டைக்களம். அங்கே வரையாட்டைக் காக்க அவர்கள் அமைத்த சங்கம் முதுவர் என்னும் பழங்குடியினரைக் காவலர்களாக வைத்தது. 1971இல் கேரள அரசு சட்டம் இயற்றி அம்மலைகளில் தோட்டத்துக்குப் பயன்படாத நிலத்தை மீட்டது. இரவிகுளம் 1975இல் சரணாலயமாகி, 1978இல் தேசியப் பூங்காவாயிற்று. துரைமார் போனார்கள், சங்கத்தின் அதிகாரமும் போயிற்று. ஆனால் மலையை அறிந்தவர்களின் அறிவு தேவையற்றதாகிவிடவில்லை. அங்கே முதுவர் வெறும் சுமைகாரர்களாக நின்றுவிடாமல், காப்பவர்களாகவும் எண்ணப்பட்டார்கள். அவர்களுக்கு எல்லா உரிமையும் கிடைத்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. காட்டை அறிந்தவனைக் காட்டுக்குக் கள்ளனாக்காமலும் காட்டைக் காக்கலாம் என்பதற்கு அது ஒரு சான்று.

சித்தப்பாவின் கதை வேறு விதமாக முடிந்தது. அவர் போன்றோர் காட்டை வெட்டி நட்ட தேயிலை அது. 2022இல் அந்தத் தோட்டங்களில் ஒரு பகுதியை மீண்டும் வனத்துறையிடமே ஒப்படைக்கத் தமிழக அரசு முடிவு செய்தது. காடு மீளட்டும், நல்லதுதான். ஆனால் அங்கே அரை நூற்றாண்டு உழைத்த குடும்பங்கள் எங்கே மீள்வது? சித்தப்பா இப்போது இல்லை. அவர் பிள்ளைகள் இந்தக் கேள்வியோடு இருக்கிறார்கள்.

இனி, நான் சொல்லத் தயங்கிவந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

1977 ஆகஸ்ட் மாதம். எனக்குப் பத்து வயது. சப்ரகமுவத் தோட்டங்கள் பலவற்றில் லயங்கள் தாக்கப்பட்டன. எங்கள் பணிய லயத்தில் தீ தெரிந்தபோது, பெரியவர்கள் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நின்றார்கள். பாதை பூராவும் ஆட்கள். அப்போது தாத்தா சொன்னார், "எல்லாரும் என் பின்னால வாங்க. விளக்கு வேணாம்."

அவர் எங்களை மேலே ஏற்றினார். தேயிலையைக் கடந்து, துரையின் பழைய வேட்டைப் பாதையில், காட்டுக்குள். அவர் கையில் அதே கவ்வாத்துக் கத்தி. முப்பது பேருக்கு மேல் இருப்போம். குழந்தைகளின் வாயைத் தாய்மார் பொத்தியிருந்தார்கள். ஓர் ஓடைக்கரையில், முன்னர் துரையின் கூடாரம் போட்ட இடத்தில், இரண்டு இரவுகள் கிடந்தோம். அட்டை எல்லாரையும் கடித்தது. யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

இரண்டாம் இரவு கீழ்ச் சரிவில் கேளையாடு குரைத்தது. ஒரு தடவை, பின் விடாமல். தாத்தா காது கொடுத்துக் கேட்டார். "ஆள் வருது" என்றார். எல்லாரும் உறைந்துபோனோம். சற்றுப் பொறுத்து அவர் மறுபடி சொன்னார், "ஓடலே. நடந்து வருது. ரெண்டு பேர். பாதை தெரிஞ்ச ஆளு."

வந்தவர்கள் கீழ்க் கிராமத்து நாட்டார் இருவர். ஒருவர் தாத்தாவோடு துரைக்கு அடிச்சுவடு பார்த்துக் கொடுத்த பழைய வேட்டைக்காரர். அவருடைய பாட்டன் காலத்துச் சேனை நிலந்தான் எங்கள் தோட்டமாயிற்று என்று ஊரில் சொல்வார்கள். எங்களைப் பகைக்க அவருக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஆனால் அவர் தோளில் இருந்த சாக்கில் பாணும் அவித்த ஈரப்பலாவும் கித்துள் கருப்பட்டியும் இருந்தன. இருட்டில் இரண்டு கிழவர்களும் பேசவில்லை. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

யாரோ ஒருவருக்குக் கொம்பு வேண்டும் என்பதற்காகக் கற்ற காட்டறிவு, அந்த இரவில் எங்கள் உயிரைக் காத்தது. சட்டப்படி நாங்கள் எல்லாரும் அன்று அத்துமீறியவர்கள்தாம்.

இப்போது காட்டோரத் தோட்டங்களில் வேறொரு வேட்டை நடக்கிறது. பன்றிக்கென்று வைக்கும் கம்பிச் சுருக்கில் சிறுத்தைகள் மாட்டிச் சாகின்றன. 2020 மே மாதத்தில், சிவனொளிபாதமலையின் மறுபக்கத்தில் நல்லதண்ணிப் பகுதியில், மிக அரிய கருஞ்சிறுத்தையொன்று சுருக்கில் அகப்பட்டது. மூன்று நாட்களில் இறந்தது. செய்தியைக் கேட்டு நான் தாத்தாவை நினைத்தேன். அவர் சுருக்கை வெறுத்தார். "சுருக்குக்குக் கண்ணு இல்ல" என்பார். எது குட்டியோடு வருகிறது, எது தனியே வருகிறது என்று பார்க்கத் தெரிந்தவன்தான் காட்டுக்குள் போகலாம் என்பது அவர் சட்டம். அது எந்தக் கட்டளைச் சட்டத்திலும் எழுதப்படவில்லை.

ஒரு சந்ததியைக் காட்டுக்கு வெளியே நிறுத்திவைத்தால் அதற்குக் காட்டைப் பற்றி என்ன தெரியும்? கம்பி வைக்கத்தான் தெரியும். காட்டின் பாதை, ஓடை, குரல் எல்லாம் தெரிந்த கடைசிக் கிழவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். வேலி போடுகிறவர்கள் வேலி போடட்டும். போடுமுன் அவர்களில் ஒருவரையாவது அழைத்துக் காட்டுக்குள் முன்னே நடக்கவிட்டால் நல்லது. இம்முறை சுமை தூக்குவதற்காக அல்ல.

தாத்தா 1986இல் காலமானார். தோட்டத்து மயானம் காட்டு விளிம்பில்தான் இருக்கிறது. அடக்கம் முடிந்து திரும்பும்போது அந்தி. மேலே எங்கோ கேளையாடு குரைத்தது. "ஆள் போகுது" என்றார் அப்பா.